ஒரு முழ நூல்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஓர் அரிய உருவகத்தைத் தந்துள்ளார். சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் அறிவைக் கதிராகவும் கொண்டு, நூல் இயற்றுதல் நூல் நூற்றலைப் போன்றது என்று காட்டுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகப் பணியாற்றிய எனக்கு அந்தப் பகுதி மனப்பாடம். ஆயினும் அதை நடத்தும் ஒவ்வொரு முறையும் என் உள்ளத்தில் ஒரு சிறு குறை எழும். முனிவர் நூற்பதோடு நின்றுவிட்டார். நூற்ற நூல் சிக்கிக்கொண்டால் யாது செய்வது என்று அவர் கூறவில்லை. அதை எனக்குக் கூறியவர், நன்னூல் என்னும் பெயரையே கேட்டறியாத என் பெரியம்மா. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து வாழ்ந்தவர் அவர்.

நூலின் குணங்களைச் சொல்லத் தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. இழை என்கிறோம், புரி என்கிறோம், முறுக்கு என்கிறோம், சுருக்கு, முடிச்சு, சிக்கு என்கிறோம். கற்றவர்களாகிய நாம் இவற்றுள் கடைசி மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறோம். பெரியம்மா அவ்வாறு பேசமாட்டார். நூலின் நுனி ஒரு வளையத்தினுள் நுழைந்து வெளியேறினால்தான் முடிச்சு. நுனி நுழையாமல் நூலின் இடைப்பகுதி மட்டும் மடிந்து வளையத்தினுள் புகுந்தால் அது சுருக்கு; இழுத்தால் இறுகும், எதிர்த்திசையில் தளர்த்தினால் அவிழ்ந்துவிடும். பல சுருக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பிணங்கிக் கிடப்பது சிக்கு. சிக்கில் பெரும்பாலும் முடிச்சே இராது என்பது அவர் கண்ட உண்மை. பூத்தையல் செய்யும் பெண்கள் அவசரப்பட்டு இழுத்து, சுருக்காக இருந்ததைப் பிரிக்கவியலாதவாறு இறுக்கிவிடுகின்றனர். “இழுக்கிற கைதான் முடிச்சுப் போடுது” என்பார்.

கேமரன் மலையை நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் கண்டு குறித்தார். ரசல் என்பவர் 1929இல் அங்குத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை ஏறியது. இவையெல்லாம் பாடப்புத்தகங்களில் உள்ளவை. அந்தச் சரிவுகளில் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர் என்பதையும் நாம் அறிவோம். இங்குக் கூற வேண்டியது குளிரைப் பற்றி மட்டுமே. கீழே ரப்பர்த் தோட்டங்களில் மாலைப் பொழுதை மக்கள் வாசலில் கழிப்பர். மலைத் தோட்டத்தில் அவ்வாறு இயலாது. நான்கு மணிக்கெல்லாம் பனிமூட்டம் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து லயத்தின் கூரைமேல் அமரும். கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைச் சுற்றி அமர்வதே வழி. அவ்வாறு அமர்ந்த பெண்களின் கைகளில் ஏதேனும் ஒரு துணி இருக்கும். தலையணை உறை, மேசை விரிப்பு, வானொலிப் பெட்டியின்மேல் போடும் மூடுதுணி, சாமி படத்திற்குத் திரை என்று எதையேனும் தைத்துக்கொண்டிருப்பார்கள். பெரியம்மாவின் வீட்டில் ஆறேழு பெண்கள் கூடுவர். வளையத்தில் துணியை இறுக்கிக்கொண்டு, கிளியும் மயிலும் ரோசாவும் தைப்பர். தைத்தவற்றைக் கிராணியார் வீட்டம்மாவும் ஆசிரியர் வீட்டாரும் விலைக்கு வாங்குவதுண்டு. அவ்வாறு வந்த சில வெள்ளிகளே அந்தப் பெண்கள் தம் விருப்பப்படி செலவிட்ட பணம். என் இடைநிலைப் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தில் ஒரு பகுதி, கிளியின் சிறகுகளிலிருந்து வந்தது என்று நான் சொன்னால் அது கற்பனை அன்று.

ஆதலால் நூல் சிக்குவது அங்குப் பொழுதுபோக்கிற்கு நேர்ந்த சிறு தொல்லையாகக் கருதப்படவில்லை. ஆங்கர் நூற்கண்டு ஒன்றின் நீளம் 8 மீட்டர். ஒரு முழம் ஒரு முழமாக வெட்டினால் 17 துண்டுகள் கிடைக்கும். ஒரு சிறு மிச்சமும் நிற்கும். அந்நூல் ஆறு இழைகளால் ஆனது. இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் 51 முறை ஊசியில் கோக்கலாம். பெரியம்மாவுக்குப் பள்ளிக் கணக்குத் தெரியாது. ஆனால் இந்த 51 தெரியும். ஒரு கண்டில் 51 கோவைக்குக் குறைந்தால் எங்கே போயிற்று என்று கேட்பார். சிக்கி அறுந்த ஒவ்வொரு துண்டும் அந்தக் கணக்கில் ஓட்டையாக வந்து நிற்கும்.

அவருடைய முதல் விதி, முழத்திற்கு மேல் நூல் வெட்டக் கூடாது என்பது. பூக்காரி முழம் போடுவதுபோல் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து வெட்டுவார். அவர் குள்ளமான பெண்மணி; அவர் முழம் பதினெட்டு அங்குலத்தைத் தாண்டாது. உயரமாக வளர்ந்த என் அக்காள்மாரின் முழம் அவருக்கு மிக நீளமாகப் பட்டதால், அவர்களுக்கும் தம் கையாலேயே அளந்து கொடுப்பார். நீளமாக வெட்டினால் அடிக்கடி கோக்கும் வேலை மிச்சம் என்று எண்ணும் பெண்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். ஜெர்மானியரிடையே நீண்ட நூலையும் சோம்பல் பெண்ணையும் சேர்த்துக் கூறும் பழமொழி ஒன்று உண்டு.

இந்த முழக் கணக்கிற்கு நான் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சான்று கிடைத்தது. டோரியன் ரேமர், டக்ளஸ் சுமித் என்னும் இருவர், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டனர். ஒரு கயிற்றைப் பெட்டியில் இட்டு, பெட்டியைச் சில முறை உருட்டி, பின் திறந்து பார்ப்பது, அவ்வளவே ஆய்வு. இதை 3,000 முறைக்கு மேல் செய்தனர். சில நொடி உருட்டலிலேயே கயிறு தானாக முடிச்சிட்டுக்கொண்டது. கயிற்றின் நீளம் கூடக்கூட முடிச்சு விழும் வாய்ப்பும் விரைந்து கூடிற்று. ஏறத்தாழ 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றிலோ முடிச்சு விழவே இல்லை. 46 சென்டிமீட்டர் என்பது பதினெட்டு அங்குலம். அதாவது ஒரு முழம். அவர்கள் பயன்படுத்திய கயிறு நம் தையல் நூலைவிடத் தடித்தது, விறைப்பானது. ஆகவே அந்த எண்ணை அப்படியே நூலுக்குப் பொருத்துவது முறையாகாது. ஆனாலும் செய்தியைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த ஆண்டு அந்த ஆய்வுக்கு இக் நோபல் என்னும் பரிசு கிடைத்தது. முதலில் நகைக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு அளிக்கப்படுவது அப்பரிசு. பெரியம்மாவுக்கு ஒருவரும் ஒன்றும் அளிக்கவில்லை.

இரண்டாம் விதி, இழை பிரிப்பதைப் பற்றியது. கண்டைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையைக் கழற்றலாகாது. உள்ளிருந்து வழுக்கி வரும் நுனியைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும்; வெளிநுனியைப் பிடித்து இழுத்தால் கண்டு முழுவதும் குலையும். வெட்டிய முழத் துண்டின் தலைப்பை இடக்கை விரல்களால் தளர்வாகப் பிடித்து, ஒரே ஓர் இழையை நேர்மேலாக உருவ வேண்டும். எஞ்சிய ஐந்தும் சுருண்டு திரண்டு விரலடியில் குவியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. உருவிய இழை முழுவதும் வெளியே வந்ததும் அவை தாமே நேராகத் தொங்கும். பின் அடுத்த இழை. இரண்டிழை தேவையென்றால் இரண்டையும் தனித்தனியே உருவி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் கோக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சில் பிரிக்க முயன்றால், நடுவில் முறுக்கு இறுகி நூல் பூனைவால் போல் சுருண்டுகொள்ளும். இவ்வாறு தனித்தனியே உருவிச் சேர்ப்பதால் இழைகள் துணிமேல் அகன்று படுத்து, நிரப்புத் தையலுக்கு ஒரு பளபளப்பும் கிட்டும்.

சிக்கின் பிறப்பிடம் முறுக்கே. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தையல் கற்பிக்கும் பலரும் இதைச் சொல்லாமல், ‘மெதுவாகத் தை’ என்று மட்டும் கூறி விட்டுவிடுகின்றனர். ஊஞ்சலில் அமர்ந்த குழந்தை கயிற்றை முறுக்கிக்கொண்டே போனால், ஓரளவிற்குப் பிறகு கயிறு நேராக நிற்க மறுத்து, இடையில் ஒரு கொண்டை போட்டுக்கொள்வதைக் காண்கிறோம் அன்றோ? தையல் நூலிலும் அதுவே நிகழ்கிறது. ஊசியைத் துணியில் இறக்கி ஏற்றும்பொழுது, நம்மை அறியாமல் விரல்கள் அதைச் சிறிது உருட்டுகின்றன. ஒரு தையலுக்கு அரைச் சுற்று என்று வைத்துக்கொண்டாலும், இருபது தையலில் பத்துச் சுற்று முறுக்கு நூலில் ஏறிவிடும், அல்லது இயல்பான முறுக்கு இறங்கிவிடும். நூல் இறுக நிற்கும் வரையில் அந்த முறுக்கு தன் வேலையைக் காட்டுவதில்லை. நூல் தளர்ந்த கணத்தில் அது வளையமாக மாறுகிறது. துணியின் அடிப்புறத்திலிருந்து மேலே நூல் ஓடி வருகையில், கடைசி இரண்டு மூன்று அங்குலம் தளர்ந்து வருவதால், சுருக்கு எப்பொழுதும் அந்த இடத்தில்தான் விழும்.

இதற்குப் பெரியம்மா இரண்டு வழிகள் வைத்திருந்தார். பத்துத் தையலுக்கு ஒருமுறை துணியைத் தலைகீழாகத் தூக்கி, ஊசியைத் தொங்க விடுவார். ஊசி கிறுகிறுவென்று சுழன்று, பின் மெல்ல நிற்கும். “பம்பரம் தூங்கட்டும்” என்பார். அது நின்ற பிறகே அடுத்த தையல். மற்றொன்று, நூல் ஓடி முடியும் தறுவாயில் இடக்கைப் பெருவிரலால் அந்தக் கடைசி வளையத்தை மெல்ல அழுத்திப் பிடித்திருப்பது. நூல் தளரும் இடம் இல்லையேல் சுருக்கு விழ இடமில்லை. முடிச்சுத் தையல் போடும்பொழுது இந்தப் பெருவிரல் இல்லாவிட்டால் கிளிக்குக் கண் வராது; கண்ணிருக்கும் இடத்தில் ஒரு கொப்புளம்தான் வரும்.

தேன்மெழுகு பூசுவதைப் பற்றியும் ஒரு சொல். தையற்கலை நூல்கள் சில எல்லா நூலையும் மெழுகில் இழுத்துக்கொள்ளச் சொல்கின்றன. என் கருத்தில் இது ஆராயாது கூறுவது. பொத்தான் தைக்கும் நூலுக்கும், சரிகை வேலையில் சரிகையைப் பிணைக்கும் நூலுக்கும் மெழுகு நன்று. பூத்தையலுக்குரிய ஆறிழைப் பருத்திக்கு அது பொருந்தாது. அந்நூலின் அழகே அதன் பளபளப்பு. ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை பெற்ற காரக் கரைசல் முறையும், பின்னர் 1890ஆம் ஆண்டளவில் லோவ் என்பவர் அதனோடு சேர்த்த இழுத்துப் பிடிக்கும் முறையும் தந்த பொலிவு அது. மெழுகு அதை மங்கச் செய்து, இழைகளையும் ஒட்டவைத்துவிடும். செயற்கைப் பட்டு எனப்படும் ரேயான் நூலுக்கு அவர் வேறு முறை கையாள்வார்: ஈரத் துணியில் ஒருமுறை மெல்ல ஒற்றியெடுத்துத் தைப்பார். அடங்காத அந்நூல் உடனே பணிந்துவிடும். ஆயினும் ஒன்று, பருத்தி நனைந்தால் வலிமை கூடும், ரேயான் நனைந்தால் வலிமை பெரிதும் குறையும். ஆதலால் ஒற்றலாமே தவிர நனைக்கலாகாது.

பட்டு எங்களுக்குக் கிட்டியதில்லை. பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நுண்வினை செய்தோர் வாழ்ந்த தெருவைப் புகார் நகரில் இளங்கோவடிகள் காட்டுகிறார். வகுப்பில் அதைப் படிக்கும்பொழுதெல்லாம் கேமரன் மலையில் எங்களுக்குப் பட்டோடு நேர்ந்த ஒரே தொடர்பு என் நினைவிற்கு வரும். தாய்லாந்துப் பட்டுத் தொழிலுக்குப் புத்துயிர் அளித்தவர் என்று உலகப் புகழ் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே ஒரு மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்து, 1967 மார்ச் 26ஆம் நாள் பிற்பகலில் வெளியே சென்றவர் திரும்பவே இல்லை. காவலரும் படையினரும் பூர்வகுடியினரும் காடெங்கும் தேடினர். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. பல நாள் எங்கள் லயத்தில் இதே பேச்சு. ‘பட்டுக்காரத் துரை’ என்றே அவரைக் குறிப்பிட்டனர்.

இனிக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூத்தையல் புத்தகங்களை எழுதியவர்கள் மென்மையான கைகளை மனத்தில் கொண்டு எழுதினர். கொழுந்து பறிக்கும் கை அத்தகையதன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நாள் முழுவதும் கிள்ளிக் கிள்ளிப் பெருவிரலும் சுட்டுவிரலும் வெடித்துப் போயிருக்கும். தேயிலைச் சாறு அந்த வெடிப்புகளில் ஊறிக் கறுத்திருக்கும். அந்த விரலால் மெல்லிய இழையைத் தொட்டால், தோலின் சிலாம்பு இழையைப் பற்றி இழுக்கும். ஆறில் ஒன்று பின்தங்கினால் மற்ற ஐந்தும் அதைச் சுற்றிக்கொள்ளும். எங்கள் தோட்டத்துப் பெண்களின் நூல் சிக்கியதற்குப் பாதிக் காரணம் இதுவே. தையலுக்கு அமர்வதற்கு முன் பெரியம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, ஒரு கரண்டிச் சர்க்கரையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அதை ஒவ்வொரு பெண்ணின் உள்ளங்கையிலும் இடுவார். நன்றாகத் தேய்த்து, சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பசை அறவே போகும்படி கழுவிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். சர்க்கரையை வீணாக்குகிறாள் என்று பெரியப்பா முணுமுணுப்பார். அந்தச் சர்க்கரைக்கு அவர் காட்டும் கணக்கும் அந்த 51தான்.

ஊசியையும் மலைக்காற்று விட்டுவைப்பதில்லை. ஈரத்தில் ஊசியின் காது துருவேறினால், அந்தச் சொரசொரப்பு நூலை அறுத்து முடிநார் கிளப்பும். முடிநார் கிளம்பிய நூல் தன்னையே பற்றிக்கொள்ளும். மேலும் இரும்புத் துருவும் தேயிலைக் கறையும் கலந்தால் வெள்ளைத் துணியில் மையைப் போல் கறுப்புப் படியும். அதைப் போக்குவது எளிதன்று. ஆதலால் ஊசிகளை முகப்பவுடர் தூவிய கம்பளித் துண்டில் குத்தி, தகர டப்பாவில் மூடி, அடுப்பு மேடைக்கு மேலேயுள்ள பலகையில் வைத்திருப்பார். நூலுக்குத் தக்க ஊசி எடுப்பதிலும் அவர் கண்டிப்புடையவர். ஊசிக்காது சிறியதானால் துணியில் விழும் துளையும் சிறியதாகும். ஒவ்வொரு முறையும் நூல் அந்தத் துளையில் உராய்ந்து நைந்துபோகும். சிக்கிய பிறகு பிரிப்பதைக் காட்டிலும் ஊசி மாற்றுவது எளிது என்பது அவர் கொள்கை.

1969ஆம் ஆண்டில் குடியுரிமை பெறாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்ததை இந்நாட்டு முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். நீல அடையாள அட்டை உடையவர் குடிமக்கள். சிவப்பு அட்டை உடையவர் இங்கேயே வாழ்ந்தாலும் குடிமக்கள் அல்லர். ஏறத்தாழ 60,000 இந்தியர் அந்தக் காலத்தில் தாயகம் திரும்பினர் என்பர். என் சித்தியின் கணவரிடம் இருந்தது சிவப்பு அட்டை. எங்கள் தாயும் பெரியம்மாவும் சித்தியும் உடன்பிறந்த மூவர். மூவரும் அதே லயத்தில் வளர்ந்தவர்கள். சித்தி தம் கணவரோடும் இரண்டு வயது மகனோடும் 1970இல் புறப்படுவதென்று முடிவாயிற்று. தாப்பா ரோட்டில் தொடர்வண்டி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்குக்குப் படகில் கடந்து, அங்கே ரஜூலா கப்பல்.

தங்கைக்கு என்ன கொடுப்பது? நகை செய்து போடும் வசதி இல்லை. பெரியம்மா இரண்டு தலையணை உறைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கிளி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்றையொன்று நோக்கும். கிளிப் பச்சைக்கு மூன்று கண்டு ஒரே முறையாக வாங்கினார். சாயத்தொட்டி மாறினால் எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் சற்றே மாறும் என்பது அவருக்குத் தெரியும். முதல் உறை முடிந்தது. இரண்டாவது பாதியில் நிற்கையில், ஒருநாள் மாலை சித்தியின் மகன் தகர டப்பாவை எடுத்துக் கவிழ்த்து விளையாடினான். எஞ்சியிருந்த பச்சை, பட்டை கழன்று, மஞ்சளோடும் சிவப்போடும் சுற்றி, ஒரு குருவிக்கூடு போல் ஆகிவிட்டது. கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது.

சித்தி மகனை அடிக்கக் கை ஓங்கினார். பெரியம்மா அவனைத் தூக்கி என் மடியில் போட்டார்.

“அறுத்துப் போட்டுட்டுக் கிடைக்கிறதை எடுத்துக்குங்கக்கா. நேரமில்ல” என்றார் சித்தி.

“அறுத்தா ஒரு துண்டும் சாணுக்கு மேல தேறாதுடி. சாண் நூலை வச்சுக்கிட்டு எந்தக் கிளியைத் தைக்கிறது?” என்றார் பெரியம்மா.

அன்று நான் கண்ட வேலையை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பந்தை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்தார். நுனியைத் தேடவில்லை. இரண்டு கைகளின் விரல்களாலும் பந்தின் ஓரங்களை மெல்லப் பற்றி, வெளிப்பக்கமாக அசைத்து அசைத்து, காற்றுப் புகும்படி அகலமாக்கினார். நெருக்கம் குறையக் குறைய வளையங்கள் தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்தன. பெரிய வளையத்தைக் கண்டால், அதன் வழியே பந்தின் ஒரு பகுதியையே புரட்டி வெளியே கொண்டுவருவார். நுனியை நுழைப்பதைவிட இது விரைவானது. இறுகிய இடம் வந்தால் ஊசியின் காதுப்பக்கத்தை, கூர்முனையையன்று, வளையத்தினுள் செருகி நெம்புவார். கூர்முனை இழையைப் பிளந்துவிடும். எந்த நிலையிலும் நூலை இறுக்கிப் பிடிக்கவில்லை. விடுபட்ட நுனியை உடனே ஓர் அட்டைத் துண்டில் சுற்றினார்; சுற்றாமல் விட்டால் அது மீண்டும் பந்துக்குள் புகுந்துவிடும். மூன்று மாலைகள் இவ்வாறு சென்றன. சித்தி எதிரே அமர்ந்து விளக்கைச் சரித்துப் பிடித்திருந்தார். அக்காள் தங்கை இருவரும் அந்த மூன்று மாலையில் பேசிய அளவு, அதற்கு முன் பல ஆண்டுகளில் பேசியிருப்பார்களா என்பது ஐயமே. அம்மா நடுநடுவே தேநீர் கொண்டுவந்து வைத்தார். என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. தங்கள் தாய் இறந்த ஆண்டைப் பற்றியும், யாருடைய திருமணத்திலோ மழை பெய்ததைப் பற்றியும் பேசினர். பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு துண்டும் அறுபடவில்லை. ஆனால் மூன்று மாலைகள் போயிருந்தன. பகலில் கூடையைச் சுமந்தாக வேண்டும். இரண்டாம் கிளியின் சிறகு பாதி நிரம்பிய நிலையில் புறப்படும் நாள் வந்துவிட்டது. பெரியம்மா எஞ்சிய நூல் முழுவதையும் ஒரு முழம் ஒரு முழமாக வெட்டி, நிறத்திற்கு ஒன்றாகத் தளர்வாகப் பின்னி, சடை போல் செய்து, உறைக்குள் வைத்துக் கொடுத்தார். சடையிலிருந்து ஒரு துண்டை மடிப்புப் பக்கம் பிடித்து உருவினால் மற்றவை கலையாமல் அது மட்டும் வரும். பயணத்தில் நூலை எடுத்துச் செல்ல இதைவிடச் சிறந்த முறையை நான் இன்றுவரை அறியேன். சித்தி தையலில் நாட்டமில்லாதவர். வளையத்தைக் கையில் பிடித்து நான் கண்டதே இல்லை.

1986ஆம் ஆண்டு நான் முதன்முறையாகத் தமிழகம் சென்றபொழுது, நாகப்பட்டினத்திற்கு மேற்கே ஒரு சிற்றூரில் சித்தியின் வீட்டிற்குப் போனேன். பெட்டியின் அடியிலிருந்து உறைகள் இரண்டையும் எடுத்துக் காட்டினார். பூத்தையலை முன்புறம் பார்த்து மெச்சுவோர் பலர். தெரிந்தவர்கள் திருப்பிப் பார்ப்பர். முதல் உறையின் பின்புறத்தில் முடிச்சு ஒன்றுகூட இல்லை. தொடக்க நூலைத் தையலுக்கடியில் ஓட்டி மறைத்திருந்தார் பெரியம்மா. இரண்டாம் உறையில் கிளியின் சிறகு முழுமை பெற்றிருந்தது. பாதி வரை ஒரு பச்சை. அதன்பின் சில வரிசைகள் அதே பச்சையில் கோணல்மாணலாக. அதன்பின் சற்றே மஞ்சள் சாய்ந்த வேறொரு பச்சை. அங்கே கடையில் கிடைத்ததை வாங்கி முடித்ததாகச் சித்தி சொன்னார். பின்புறம் திருப்பினேன். சித்தியின் பகுதி முழுவதும் முடிச்சு, சுருக்கு, நீண்டு தொங்கும் வால்.

“உங்க பெரியம்மாகிட்ட இந்தப் பக்கத்தைச் சொல்லாதேம்மா” என்றார்.

ஊர் திரும்பியதும் சொன்னேன். பெரியம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எத்தனை மாதத்தில் முடித்தாளாம் என்று கேட்டார். நான்கு ஆண்டு என்றேன். “பச்சை தீர்ந்துபோச்சுன்னு எழுதியிருந்தா அனுப்பியிருப்பேனே” என்றார். சித்திக்கு எழுதத் தெரியாது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இன்று அந்த லயத்தில் எங்கள் உறவினர் எவரும் இல்லை. மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுந்துவிட்டனர். விரலால் கிள்ளுவதும் அருகி, கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கின்றனர். பணி ஓய்வுக்குப் பிறகு வாரம் ஒருநாள் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் பூத்தையல் கற்பிக்கிறேன். பன்னிரண்டு பேர் வருகின்றனர்; அவர்களுள் மூவர் ஆண்பிள்ளைகள். நெகிழி அட்டையில் சுற்றிய நூலும், தானே கோக்கும் ஊசியும் கொண்டு வருகிறார்கள். முழம் என்றால் என்ன என்று முதல் நாளில் கேட்டார்கள். முழங்கையைக் காட்டினேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு வந்தது; மிகச் சிறிய பையனுக்கு ஓரடிதான் வந்தது. சரியா என்று கேட்டான். அவன் கைக்கு அது சரியே என்றேன். அவன் நூல்தான் அன்று சிக்காமல் ஓடிற்று.

பெரியம்மா தம் கடைசி ஆண்டுகளில் கண்பார்வை மங்கி, என் வீட்டில் இருந்தார். ஊசியில் நூல் கோக்க அவரால் இயலவில்லை. ஆனால் மாணவர்கள் சிக்கவைத்த நூல்களைப் பள்ளியிலிருந்து ஒரு காகிதப் பையில் கொண்டுவந்து அவர் மடியில் இடுவேன். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, சன்னலைப் பார்த்தபடியே விரல்களால் தடவித் தடவிப் பிரிப்பார். பிரித்தவற்றை முழம் அளந்து அடுக்கி வைப்பார். நிறம் தெரியாததால் பச்சையும் நீலமும் கலந்திருக்கும். அதை நான் பிறகு பிரித்துக்கொள்வேன். ஒரு பை முடிந்தால் அடுத்தது எப்பொழுது வரும் என்று கேட்பார்.